வெறும் வண்டியாக வரும் பத்துக் கிலோமீட்டர்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

பள்ளத்தூரிலிருந்து வணக்கம். எனக்கு வயது 67. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை காரைக்குடிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. கணவரின் கண் மருத்துவம், வங்கி வேலை, சில நாள் சென்னைக்கு விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸ். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் வண்டி ஓட்டுவார் யாருமில்லை. பகலில் பஸ் உண்டு. இருட்டு விலகாத வேளையில் ஆட்டோவை விட்டால் வழியில்லை. மகன்தான் கைப்பேசியில் ஆட்டோ கூப்பிடும் செயலியை ஏற்றிக் கொடுத்து, எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று பழக்கிவிட்டுப் போனான்.

கடந்த மார்கழியில் ஒரு நாள். மணி நாலு. ரயிலுக்குப் போக வண்டி கேட்டேன். திரையில் 212 ரூபாய் என்று வந்தது. ஒரு ஓட்டுநர் ஏற்றுக்கொண்டார். உடனே அழைத்தார். "எந்த ஊர் ஆச்சி?" என்று கேட்டார். பள்ளத்தூர் என்றேன். "கொஞ்சம் இருங்கள்" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது, சவாரியும் ரத்தானது. இரண்டாமவரும் அப்படியே. மூன்றாவதாக வந்தவர், "இறங்கும்போது மேலே கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் ஆச்சி, வருகிறேன்" என்றார். சரி என்றேன். இருபத்தைந்து நிமிடத்தில், வந்துவிட்டதாகத் திரை சொன்னது. முகப்பில் நின்று பார்க்கிறேன், தெருவில் வண்டியைக் காணோம்.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு என்னும் முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். செயலியின் வரைபடத்துக்கு அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பின்தெருவில் விழுந்திருக்கிறது. ஓட்டுநர் பின்வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் வீட்டின் முழு நீளத்தையும் கடந்து, பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து வண்டியில் ஏறினேன். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வரச் சொல்லியிருக்கலாம். ரயில் போய்விடுமோ என்ற பதற்றத்தில் அது தோன்றவில்லை.

ஜங்ஷன் வாசலில் டியூப் லைட்டுக்குக் கீழே இறங்கிப் பணம் கொடுத்தபோது, அவர் தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் திரையில் 212. அவர் திரையில் 161. இடையில் 51 ரூபாய். நூற்றுக்கு இருபத்து நான்கு. "வரும்போது வெறும் வண்டியாக வந்தேன் ஆச்சி, அது இதில் எங்கேயும் இல்லை" என்றார். புகார் சொல்லும் குரலாக அது இல்லை. கணக்கைச் சரிபார்க்கச் சொல்லும் குரலாக இருந்தது. ரயிலில் உட்கார்ந்து நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன். காரைக்குடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வெறுமனே வந்தார். என்னை ஏற்றிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் போனார். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கிடைக்கிறது என்றார். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். இருபது கிலோமீட்டருக்கு எண்பது ரூபாயைத் தாண்டிவிடுகிறது. மிச்சம் எண்பது ரூபாய்க்கும் குறைவு. அதில் வண்டித் தவணை, தேய்மானம், காப்பீடு, மார்கழிக் குளிரில் ஒரு மணி நேர உழைப்பு எல்லாம் அடக்கம்.

நான் மேலே எண்பது ரூபாய் கொடுத்தேன். முதல் இருவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் தணிந்தது. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, தங்கள் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் போடாததால்தான் இந்த மடல்.

இந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஓரளவு படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் கேட்டதும் பக்கத்தில் இருக்கும் வண்டியை அப்படியே கோத்துவிடுவதில்லை. நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்பதைவிட, சாலை வழியாக வந்துசேர எத்தனை நிமிடம் ஆகும் என்று கணிக்கிறார்கள். பெருநகரங்களில் சில விநாடி பொறுத்து, அந்த நேரத்தில் வந்த எல்லாக் கோரிக்கைகளையும் சுற்றியுள்ள எல்லா வண்டிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, மொத்தக் காத்திருப்பு குறையும்படி இணைப்பதும் உண்டு. எனக்கு மிக அருகில் இருக்கும் வண்டி வேறொருவருக்குப் போகலாம். எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் அதுவே லாபம். விலைக்கு வேறொரு கணக்கு. ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கேட்பவர் எத்தனை, வண்டி எத்தனை என்று பார்த்துக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். ஊபர் நிறுவனம் இதற்காக உலகம் முழுவதையும் அறுகோணங்களாக வெட்டிய ஒரு முறையை உருவாக்கி, 2018இல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

புத்திசாலித்தனமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இது ஆளும் வண்டியும் நெருக்கமாக இருக்கிற இடத்துக்கான கணக்கு. சென்னையில் ஒருவரை இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்தவர் காத்திருப்பார். அங்கே வெறும் வண்டி ஓடும் தூரம் கொஞ்சம்தான். பள்ளத்தூரில், கோட்டையூரில், கானாடுகாத்தானில் அப்படியா? பூட்டிக் கிடக்கும் வீடுகளே பாதிக்குமேல். விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் ஊர்க் கட்டத்தில் வண்டி ஒன்றுகூட இருக்காது. சில விநாடி காத்திருந்து கோப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? கானாடுகாத்தானுக்குச் சுற்றுலாப் பயணியை ஏற்றிப்போன வண்டி மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது வெறுமனே திரும்ப வேண்டும். தேவகோட்டை, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இந்த நிறுவனங்களுக்கு உரிமம் தேவை என்பது சட்டத்தில் ஏறியது. ஒன்றிய அரசு 2020 நவம்பரில் நெறிமுறைகளை வெளியிட்டது; நெருக்கடி நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்றது. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிமுறைகள் அதை இரண்டு மடங்கு ஆக்கின. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு போய்ச் சேர வேண்டும் என்கின்றன. என்னை ஏற்றிவந்தவர் கையில் கிடைத்தது 76. வெறும் வண்டியாக ஓடும் தூரத்தை ஈடுகட்ட, அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்கானதாக இருக்க வேண்டும் என்கின்றன. அதற்குமேல், பயணி ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரைக்கும்தான் கட்டணம்.

ஐயா, அந்த 3 கிலோமீட்டர் நகரத்துக்குப் போதும். என் வீட்டுக்கு வந்த வண்டி பத்துக் கிலோமீட்டர் வந்தது. மிச்சம் ஏழு கிலோமீட்டரை யார் தலையில் கட்டுவது?

காரணமில்லாமல் சவாரியை ரத்து செய்தால் கட்டணத்தில் 10 விழுக்காடு அபராதம், 100 ரூபாய்க்கு மிகாமல் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. எங்கள் ஊரில் இது எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள். 212 ரூபாய்க்குப் பத்து விழுக்காடு 21 ரூபாய். என்னை ஏற்ற வெறுமனே வரும் பெட்ரோல் செலவே நாற்பது ரூபாய்க்கு மேல். வந்து நஷ்டப்படுவதைவிட வராமல் அபராதம் கட்டுவது அவருக்கு மலிவு. அபராதத்தைக் கூட்டினால் தீருமா? அவர் பள்ளத்தூர்ப் பக்கம் வரும் கோரிக்கையையே ஏற்காமல் விட்டுவிடுவார். அப்போது எனக்கு ரத்து செய்தவரின் குரல்கூடக் கேட்காது.

எங்கள் பக்கம் தாத்தாவை ஐயா என்போம். என் ஐயா, கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குப் போனவர். ஏஜண்டுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளாகி, பிறகு ஏஜண்டாக ஒரு வட்டிக் கடையைப் பார்த்தார். முதலாளி இங்கே செட்டிநாட்டில் இருப்பார். கடை அங்கே ரங்கூனிலோ மோல்மேனிலோ இருக்கும். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஏஜண்டு ஊருக்கு வந்து பேரேட்டை ஒப்படைத்து, ஐந்தொகை என்னும் இறுதிக் கணக்கைப் போட்டு, லாபத்தில் தன் பங்கை வாங்கிக்கொள்வார். ஒரே பேரேடு. முதலாளி பார்ப்பதும் அதுதான், ஏஜண்டு பார்ப்பதும் அதுதான். இருவருக்கும் நடுவே கடல் இருந்தது. ஆனாலும் ஒருவர் ஏட்டில் 212 என்றும் மற்றவர் ஏட்டில் 161 என்றும் இருந்ததில்லை. அப்படி இருந்திருந்தால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

விலை ஏறி இறங்குவதை நான் குறை சொல்லவில்லை என்பதற்கும் அங்கேயே ஒரு சான்று இருக்கிறது. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கடைக்காரர்கள் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். நெல் வரும் பருவத்தில் பணத்துக்குத் தேவை கூடும், வட்டியும் கூடும். பருவம் தணிந்தால் வட்டியும் இறங்கும். இன்று நெருக்கடி நேரக் கட்டணம் என்று சொல்வதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். அந்தத் தொழிலில் கடன்பட்டு நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளின் துயரம் எனக்குத் தெரியும். அதை மூடி மறைத்துப் பெருமை பேச வரவில்லை. நான் சொல்ல வருவது விலை நிர்ணயித்த விதத்தைப் பற்றி மட்டுமே. கோயிலில் கூடினார்கள், பேசினார்கள், இதுதான் இந்த மாதத்து வட்டி என்று அறிவித்தார்கள். கொடுப்பவர், வாங்குபவர், அடுத்த கடைக்காரர் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. தைப்பூசத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ ஊருக்கு வருகிற பிள்ளைகள் ஜங்ஷனில் இறங்கிச் செயலியைத் திறக்கும்போது கட்டணம் ஒன்றரை மடங்காக இருந்தால், ஏன் என்று அவர்களுக்கும் தெரிவதில்லை, ஓட்டுநருக்கும் தெரிவதில்லை. ஏறிய தொகையில் எவ்வளவு தன் கைக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரியாது.

சவாரிதோறும் நிறுவனம் எடுக்கும் கழிவுத்தொகையே வேண்டாம், ஓட்டுநர் நாள் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்ற முறை இப்போது பரவிவருகிறது. பெங்களூரில் 2022 நவம்பரில் தொடங்கிய நம்ம யாத்ரி செயலி அப்படித்தான் பேர் வாங்கியது. பயணி கொடுக்கும் பணம் நேராக ஓட்டுநர் கைக்குப் போய்விடும். ஊபரும் 2025 பிப்ரவரியில் ஆட்டோக்களுக்கு அந்த வழிக்கு மாறியது. நல்ல மாற்றம்தான், வரவேற்கிறேன். என் நோட்டில் அந்த 51 ரூபாய் பிரச்சினையை இது தீர்க்கும். வெறும் வண்டியாக வரும் பத்துக் கிலோமீட்டரைத் தீர்க்காது. கட்டணத்தை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் விலகி நின்றால், பின்வாசலில் பெட்டியோடு நிற்கும் கிழவிக்கும் தூக்கக் கண்ணோடு வந்த ஓட்டுநருக்கும் இடையே அந்தப் பேரம் விழும். கேரளத்தில் 2022 ஆகஸ்டில் தொழிலாளர் துறையே முன்னின்று கேரள சவாரி என்ற செயலியைத் தொடங்கியபோது, அரசு நிர்ணயித்த கட்டணம், அதன்மேல் 8 விழுக்காடு சேவைக் கட்டணம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். எத்தனை வண்டி அதில் ஓடுகிறது என்பது வேறு விஷயம். எண்ணை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்தார்கள், அதைத்தான் சுட்டுகிறேன்.

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்கள் ஆளையும் வண்டியையும் கோக்கும் முறை மிகப் பழையது: வரிசை. முதலில் வந்து நின்றவருக்கு முதல் சவாரி. பள்ளத்தூர் வாய்த்தாலும் பக்கத்துத் தெரு வாய்த்தாலும் அது அவர் முறை. நீண்ட சவாரிக்குத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தே வாடகை சொல்வார்கள். அதனால் வெளியூர்க்காரர்கள் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். சிலர் அளவுக்கு மீறிக் கேட்பதும் உண்மை. ஆனால் திரும்பும் தூரத்தைச் சேர்ப்பது நியாயமான பழக்கம். செயலி வந்து அந்தப் பழக்கத்தைக் குற்றம்போல் ஆக்கிவிட்டது, அதற்கு மாற்றாக ஒன்றையும் தரவில்லை.

சென்னைக்கு 2013 ஆகஸ்டில் அரசு ஆட்டோக் கட்டணம் நிர்ணயித்தபோது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்றது. அதைத் திருத்தச் சொல்லி ஓட்டுநர் சங்கங்கள் எத்தனை வருடம் நடந்தன என்பது உங்கள் கோப்புகளில் இருக்கும். செயலிகளுக்கான அடிப்படைக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பை ஒன்றிய நெறிமுறைகள் மாநில அரசின் கையில் கொடுத்திருக்கின்றன. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அந்தக் கட்டணத்தை எழுதும்போது சென்னையை மட்டும் மனதில் வைத்து எழுதாதீர்கள். காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனால் அதைச் சுற்றியுள்ள எழுபதுக்கும் மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்கள் ஊர்களாகத்தான் இருக்கின்றன. வண்டி 3 கிலோமீட்டருக்குமேல் வந்து ஏற்ற வேண்டியிருந்தால், வந்து ஏற்றும் தூரம் என்று கட்டணத்தில் தனி இனமாகக் காட்டி, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசே நிர்ணயிக்கட்டும். நான் சம்மதம் சொல்வதற்கு முன்பே அது என் திரையில் தெரியட்டும். ஏழு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் வீதம் வைத்தால்கூட 42 ரூபாய்தான். 254 ரூபாய் என்று முதலிலேயே தெரிந்தால் மனநிறைவோடு கொடுப்பேன். முதல் ஓட்டுநரே வந்திருப்பார். அந்தத் தொகையில் நிறுவனம் கை வைக்கக் கூடாது, அதையும் விதியில் எழுதிவிடுங்கள்.

இறங்கிய பிறகு வரும் ரசீது இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பயணி கொடுத்தது, ஓட்டுநருக்குப் போனது, நிறுவனம் எடுத்தது, வரி, வந்து ஏற்றிய தூரம், கட்டணம் ஏற்றப்பட்டிருந்தால் எத்தனை மடங்கு, ஏன். ஆறு இனத்துக்குமேல் போகாது. பற்றும் வரவும் எழுதத் தெரிந்த யாரும் இதைக் கடினம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. நகரத்தில் சில விநாடி பொறுத்துக் கோக்கிறார்கள் என்றேன். எங்கள் ஊர்களில் முந்தின இரவே கோக்கலாமே. பல்லவனுக்கு டிக்கெட் எடுத்தவருக்குத் தான் போகும் நாள் எப்போதோ தெரியும். பள்ளத்தூரில் நான், கோட்டையூரில் ஒருவர், கானாடுகாத்தானில் ஒரு குடும்பம் என்று எல்லோரும் அதே விடியலில் அதே ஜங்ஷனுக்கு அவரவர் தனி வண்டி தேடுகிறோம். முந்தின இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட்டால், சம்மதிப்பவர்களை ஒரே வண்டியில் சேர்த்துக்கொள்ளலாம். அதே ரயில் இரவு காரைக்குடிக்குத் திரும்பும்போது இறங்குகிறவர்களை ஊருக்குக் கொண்டுவந்து விடும் வண்டி, மறுநாள் விடியலில் இங்கிருந்தே கிளம்பலாம். ஓட்டுநர் இந்தப் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் வெறும் வண்டியே ஓட வேண்டியதில்லை. தான் வீடு திரும்பும் திசையைச் சொல்லி அந்தப் பக்கத்துச் சவாரியை மட்டும் கேட்கும் வசதி சில செயலிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சிற்றூர்களுக்கு ஏற்ப விரித்துக் கொடுப்பதை உரிமம் வழங்கும்போது ஒரு நிபந்தனையாக வைக்க முடியுமா என்று பாருங்கள்.

வரைபடப் புள்ளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயமாகத் தோன்றினாலும். முகப்பு எந்தத் தெரு என்று வீட்டுக்காரர் ஒருமுறை குறித்துவைத்தால் அது நிலைத்திருக்க வேண்டும். என் செயலியில் நான்கு தடவை குறித்தேன். நான்கு தடவையும் பின்கட்டுக்கே போய்விட்டது. என்னால் வீட்டுக்குள் நடக்க முடிகிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நிற்கும் என் கணவரால் இருட்டில் முடியாது.

அந்த மார்கழி நாளிலிருந்து ஒவ்வொரு சவாரியையும் நோட்டில் எழுதிவருகிறேன். தேதி, நேரம், என் திரையில் வந்த தொகை, ஓட்டுநர் விரும்பிக் காட்டினால் அவர் திரையில் வந்த தொகை, வண்டி எங்கிருந்து வந்தது, அதற்குமுன் எத்தனை பேர் ரத்து செய்தார்கள். ஓட்டுநர்களின் பெயரோ வண்டி எண்ணோ எழுதவில்லை. யாருக்கும் தொல்லை வரக் கூடாது. உங்கள் அலுவலகத்திலிருந்து கேட்டால் பக்கங்களை நகலெடுத்து அனுப்புகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை கணவரைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். காலை ஏழு மணிக்கு வண்டி கேட்பேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து ஒரு பயணி